26 அங்குல ஃபேட் டயரைச் ‘சின்னச் சக்கரம்’ என்று சொன்னவருக்கு

சேற்றுக்காளை:
சனிக்கிழமை காலை சிங்கப்பூர் சாங்கி படகுத்துறையில் உபின் தீவுப் படகுக்காக நின்றுகொண்டிருந்தோம். ஒருவர் தடித்த டயர் போட்ட என் ஃபேட் பைக்கைப் பார்த்துவிட்டுப் பத்துப் பேர் முன்னால், “26 அங்குலம்தானே, சின்னச் சக்கரம். உபின் கேத்தாம் மலை சைக்கிள் பாதையில் வேர் மேல் ஏறத் திணறும். 29 வாங்கியிருக்கலாம்” என்றார். அவர் இந்தக் குழுவில் எழுதுபவர்தான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு படகில் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்தேன். என்னுடையது 26 x 4, அதாவது டயர் அகலம் 4 அங்குலம். தரையிலிருந்து டயர் உச்சி வரை 740 மில்லிமீட்டர். தம்பியின் 29 x 2.25 டயரையும் அளந்தேன், 735. இப்போது சொல்லுங்கள், எது சின்னது?

இருபத்தொன்பதான்:
ஒருவர் என்ன ஒருவர், நான்தான் சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். டயர் உட்காரும் ரிம் வளையத்தின் விட்டம் உங்களுக்கு 559 மில்லிமீட்டர், எனக்கு 622. 63 மில்லிமீட்டர் குறைவு. சின்னதைச் சின்னது என்றால் ஏன் இவ்வளவு கோபம்?

சேற்றுக்காளை:
வேர் மேல் ரிம்மா ஏறுகிறது? டயர் ஏறுகிறது. அந்த ‘26’ எங்கிருந்து வந்தது என்றாவது தெரியுமா? 1933இல் அமெரிக்காவில் ஷ்வின் நிறுவனம் 2.125 அங்குல பலூன் டயரைக் கொண்டுவந்தது. 559 ரிம்மில் அந்த டயரை மாட்டினால் வெளிவிட்டம் ஏறக்குறைய 26 அங்குலம் வரும். ரிம்மை மட்டும் அளந்தால் 22 அங்குலம்தான். 2005இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி என்ற ஃபேட் பைக் வந்தபோது அதே 559 ரிம்மில் நாலு அங்குலத்துக்குப் பக்கமான டயரை மாட்டினார்கள். உயரம் கூடிவிட்டது, பெயர் மட்டும் பழையபடி 26. நீங்கள் பெயரைப் படிக்கிறீர்கள், நான் டேப்பைப் படிக்கிறேன். 740.

புதுமிதி:
வணக்கம். என்னிடம் பழைய 26 மலை சைக்கிள் ஒன்று இருக்கிறது. அதில் 4 அங்குல டயர் மாட்ட முடியுமா?

கேத்தாம்வாசி:
இரண்டு பேரும் எதற்கு அடித்துக்கொள்கிறீர்கள்? நடுவில் 27.5 இருக்கிறதே. 2.8 டயர் போட்டு உபின், செஸ்ட்நட் பூங்கா இரண்டிலும் ஓட்டுகிறேன். ஒரு குறையும் இல்லை.

சேற்றுக்காளை:
27.5 நடுவில் இல்லை. அதன் ரிம் 584. 26ஐவிட 25 மில்லிமீட்டர்தான் பெரியது, 29ஐவிட 38 சிறியது. பெயரில்தான் நடு. 2.8 போட்டால் மொத்த உயரம் 720 பக்கம் நிற்கும். இங்கே இருப்பதிலேயே சின்னச் சக்கரம் உங்களுடையது.

கேத்தாம்வாசி:
போன வருடம் நீங்கள் சொன்னதை நம்பித்தான் 27.5 x 3.0 வாங்கினேன். பின் ஃபிரேமில் உரசி, பெயின்ட் போய், டயரின் பக்கச் சுவரும் தேய்ந்தது. இரண்டு டயர் காசு போனது. அதற்கு நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, அண்ணே.

சேற்றுக்காளை:
ஃபிரேமில் எவ்வளவு இடம் என்று அளந்துவிட்டு வாங்கச் சொன்னேன். அளக்காதது நீங்கள்.

கேத்தாம்வாசி:
அளக்கச் சொல்லவே இல்லை. குழுவில் அந்தச் செய்தி இன்னும் இருக்கிறது.

இருபத்தொன்பதான்:
பேச்சை மாற்ற வேண்டாம். அந்த 740ஐ எத்தனை பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் அளந்தீர்கள்? காற்றை இறுக்கி அடித்து, சுவரில் சாய்த்து வைத்து அளந்திருப்பீர்கள். கேத்தாமில் நீங்கள் ஓட்டுவது 8 பிஎஸ்ஐயில். ஏறி உட்கார்ந்தால் டயர் அமுங்கும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, உட்கார்ந்தபடியே ஒரு சுற்று உருட்டி, தரையில் நீளத்தை அளங்கள். நான் என்னுடையதை அளந்துவிட்டேன், 2 மீட்டர் 29 சென்டிமீட்டர். உங்களுடையது எவ்வளவு?

சேற்றுக்காளை:
அமுங்குவதற்குத்தான் ஃபேட் டயர். மழை பெய்த மறுநாள் செஸ்ட்நட் செம்மண்ணில் உங்கள் 2.25 வழுக்கி நீங்கள் இறங்கித் தள்ளியதை எல்லாரும் பார்த்தோம். நான் இறங்கவில்லை.

இருபத்தொன்பதான்:
ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.

ஈருருளி அன்பன்:
தமிழில் பேசும் இடத்தில் சைக்கிள், பைக், டயர் என்று எழுதுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. மிதிவண்டி என்ற நல்ல சொல் இருக்கிறது.

கேத்தாம்வாசி:
உங்கள் பெயரில் ஈருருளி, பதிவில் மிதிவண்டி. முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

ஈருருளி அன்பன்:
இரண்டுமே தமிழ்தான் ஐயா. டயர் தமிழா?

புதுமிதி:
என் கேள்விக்கு யாராவது…

சேற்றுக்காளை:
தம்பி, டயர் உங்கள் ரிம்மில் உட்காரும், இரண்டும் 559தான். ஆனால் பழைய ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் 4 அங்குலம் நுழையாது. ஃபேட் பைக்கின் பின் ஹப்பே, அதாவது சக்கரத்தின் நடுக்குடமே, 170, 190 மில்லிமீட்டர் அகலம். பழையதில் 135தான் இருக்கும். தனி சைக்கிள்தான் வாங்க வேண்டும். வாங்கும்போது ‘26 சின்னது’ என்று யாராவது சொன்னால் இந்த 740ஐக் காட்டுங்கள்.

இருபத்தொன்பதான்:
தம்பி, ஒரு ஃபேட் டயர் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டும். என் 29 x 2.25 முக்கால் கிலோகூட இல்லை. உபினில் ஒரு ஏற்றம் ஏறிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். அதோடு, 29இல் 2.6 போட்டால் உயரம் 750 வரும். அப்புறம் அந்த 740ஐ எங்கே வைப்பது?

சேற்றுக்காளை:
நீங்கள் அன்றைக்கு ஓட்டியது 2.25. நான் அளந்ததும் 2.25. இல்லாத டயரைக் கொண்டுவந்து வாதம் செய்ய வேண்டாம். 27.5 x 4.5 ஃபேட் டயரும் கடையில் இருக்கிறது, அது உங்கள் 2.6ஐத் தாண்டும். நான் அதைச் சொன்னேனா?

இருபத்தொன்பதான்:
இப்போது சொல்லிவிட்டீர்களே. சாக்பீஸ் அளவு எங்கே?

சேற்றுக்காளை:
ஞாயிறு காலை ஏழு மணி, சாங்கி படகுத்துறை. டேப் நான் கொண்டுவருகிறேன். பத்துப் பேர் முன்னால் சொன்னதைப் பத்துப் பேர் முன்னால்தான் அளக்க வேண்டும்.

இருபத்தொன்பதான்:
வருகிறேன். 8 பிஎஸ்ஐயில், நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு.

கேத்தாம்வாசி:
நானும் வருகிறேன். உரசின டயர் இரண்டையும் எடுத்து வருகிறேன்.