மஹிந்திரா தார் ஜீப் லோடுல பின்னாடி உக்காருது: பிளேட் சேர்க்கலாமா, மூணு இஞ்ச் தூக்கலாமா?

மலையடிவாரம்:
எல்லாருக்கும் வணக்கம். நான் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம், பெட்டமுகிலாளம் ஏறுற வழியில இருக்கேன். வண்டி 2014 தார் சிஆர்டிஇ, நாலு வீல் டிரைவ். முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்யற இரும்புக் கம்பி), பின்னாடி பிளேட் ஸ்பிரிங் (அடுக்கிக் கட்டின இரும்புப் பட்டைகள்). தோட்டத்துக்கு உரம், 200 லிட்டர் டிரம்ல தண்ணி, சீசன்ல ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி கிரேட், எல்லாம் இதுலதான் போகுது. அதே வண்டியிலதான் அப்பாவை ஓசூர் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு இடுப்பு வலி.

லோடு இருக்கும்போது குழியில விழுந்தா பின்னாடி டங்குனு இடிக்குது. வண்டி காலியா நிக்கும்போதே இடது பக்கம் கொஞ்சம் சாய்வு. போன வருஷம் ஒரு ஒர்க்‌ஷாப்ல முன்பக்கத்தை உயர்த்தித் தரோம்னு டார்ஷன் பாரை முறுக்கி விட்டாங்க. அதுல இருந்து சின்னக் கல்லுக்குக் கூட ஸ்டீயரிங் உதறுது. நாலு வீல்ல போட்டு வளைச்சா கடக் கடக்னு சத்தம்.

இப்ப அதே இடத்துல பின்னாடி ரெண்டு பிளேட் சேர்த்து, பிளேட் நுனியை சேசிஸோட இணைக்கற ஷேக்கிளை நீளமாப் போட்டு, முன்னாடி இன்னும் முறுக்கி, மொத்தம் மூணு இஞ்ச் தூக்கிரலாம், புது ஷாக் அப்சார்பரும் போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்க. பணம் பெருசு. செய்யலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர் ஜிப்ஸி:
நான் வச்சிருக்கறது ஜிப்ஸி, நாலு பக்கமும் பிளேட்தான். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியா ஒகேனக்கல் அடிக்கடி போவேன். என் அனுபவத்துல ரெண்டு இஞ்ச் தூக்கினது நல்லாவே இருக்கு, பாறையில அடிவயிறு தட்டறதில்ல. உங்க வண்டிக்கும் ரெண்டு இஞ்ச் போதும், மூணு வேண்டாம்.

ஒரு கேள்வி: அந்தக் கடக் சத்தம் தார் ரோட்டுல வளைக்கும்போதா, மண்ணுலயா? இந்த வண்டியில நடுவுல டிஃபரென்ஷியல் (முன் அச்சையும் பின் அச்சையும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) கிடையாது. நாலு வீல்ல போட்டுட்டு காஞ்ச தார் ரோட்டுல வளைச்சா முன் அச்சும் பின் அச்சும் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும். அந்த முறுக்கு விடுபடும்போதும் சத்தம் வரும். அதுக்காக ஆக்சிலை மாத்திராதீங்க.

மலையடிவாரம்:
மண்ணுலயும் வருதுங்க. முழுசா ஒடிச்சாதான்.

பழைய லாரிக்காரன்:
தம்பி, பாலக்கோடு பக்கம் ஸ்பிரிங் பட்டறையில ரொம்ப வருஷம் இருந்தவன் நான். பணத்தைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு அளவு நாடா எடுத்துக்குங்க.

சமமான தரையில வண்டியை நிறுத்தி, நாலு டயர்லயும் காத்து சரியா வச்சு, சக்கரத்து நடுவுல இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளங்க. நாலு பக்கமும், காலியா ஒரு தடவை, உங்க வழக்கமான லோடோட ஒரு தடவை. அப்புறம் முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரத்தை ரெண்டு பக்கமும் அளங்க. அது ஒரு பக்கம் கூடக் குறைய இருந்தா, பிளேட்டுகளை நடுவுல கோர்த்திருக்கற சென்டர் போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கும். அப்படி இருந்தா வண்டியை எடுக்கவே எடுக்காதீங்க.

காலியா இருக்கும்போதே ஒரு பக்கம் சாய்வுன்னா எனக்கு முதல் சந்தேகம் உடைஞ்ச பிளேட் மேலதான். பெரும்பாலும் சென்டர் போல்ட் ஓட்டை வழியாத்தான் விரிசல் விடும். அந்த இடத்தை, பிளேட் கட்டை அச்சோட பிடிக்கற யூ போல்ட்டும் தகடும் மூடியிருக்கறதால வெளிய இருந்து பாத்தா தெரியாது. கட்டை அவுத்து ஒவ்வொரு பிளேட்டா பிரிச்சுப் பாக்கணும். உடைஞ்ச பிளேட்டை உள்ளயே விட்டுட்டு மேல ரெண்டு சேர்த்தா, நல்லா இருக்கற பக்கம் விறைச்சுக்கும், சாய்வு அப்படியே இருக்கும்.

ஷாக்கைப் பத்தியும் சொல்லணும். ஷாக் மாத்தினா வண்டி நிமிரும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. எடையைத் தாங்கறது ஸ்பிரிங். ஷாக் அந்த ஆட்டத்தை அடக்கறதுக்கு மட்டும்தான். கழட்டிக் கையால அமுக்கி இழுத்துப் பாருங்க. போற வழியெல்லாம் ஒரே மாதிரி எதிர்ப்பு இருக்கணும். நடுவுல தொளதொளன்னு விட்டாலோ எண்ணெய் கசிஞ்சிருந்தாலோ மாத்துங்க.

பட்டறையில லாரி பிளேட்டை வெட்டி வச்சுத் தரேன்னு யாராச்சும் சொன்னா ஒத்துக்காதீங்க. பிளேட்டோட தடிமன் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்காகும். காலி வண்டியில உங்கப்பா இடுப்பு அதைத் தாங்காது.

தொப்பூர் கணவாய்:
பெரியவர் சொன்னதுக்கு மேல முன்பக்கத்தைப் பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினா உயரம் ஏறும், பாரோட விறைப்பு ஏறாது. ஆனா சக்கரம் கீழ இறங்கறதுக்கு இருந்த இடம் போயிடும். சக்கரத்தைத் தாங்கற ஆர்ம் ஏற்கெனவே கீழ் எல்லைக்குப் பக்கத்துல நிக்குது. சக்கரம் குழிக்குள்ள இறங்கப் பாத்தா டக்குனு முட்டுது. உங்க ஸ்டீயரிங் உதறல் இதனாலதான்னு நினைக்கறேன். ஆக்சில் ஜாயிண்டும் ரொம்பச் சரிவுல சுத்தும், அந்தக் கோணத்துல ஜாயிண்டை மூடியிருக்கற ரப்பர் பூட் சீக்கிரம் கிழிஞ்சு கிரீஸ் வெளிய போயி மண்ணு உள்ள போகும். முழு ஒடிப்புல கடக் கடக்னா வெளிப்பக்க ஜாயிண்டைத்தான் முதல்ல பாக்கணும். பூட்டை இன்னைக்கே பாருங்க.

இதுக்கு மேல இன்னும் முறுக்கச் சொல்றது சரியில்லை. முதல்ல கம்பெனி உயரத்துக்கு இறக்குங்க, இறக்கினதும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். உயரம் மாறினாலே சக்கரம் நிக்கற கோணங்களான டோவும் கேம்பரும் மாறிடும்.

ஜிப்ஸி அண்ணன்கிட்ட ஒரு சின்ன மறுப்பு. உங்க வண்டியில முன்னாடியும் நேர் அச்சு, பிளேட். அதுல ரெண்டு இஞ்ச் தூக்கறது வேற கணக்கு. இவர் வண்டியில முன்னாடி தனித்தனி சக்கரம், அதுக்கு இது பொருந்தாது. இன்னொண்ணு, பின் அச்சோட கம்பியால இணைச்ச பிரேக் வால்வு சில வண்டிகள்ல இருக்கு. லோடுக்கு ஏத்த மாதிரி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும். பின்பக்கத்தைத் தூக்கிட்டு அந்தக் கம்பியை மறுபடி அட்ஜஸ்ட் பண்ணலன்னா, லோடே இல்லன்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சிடும். அப்படி ஒரு வண்டியில லோடோட தொப்பூர் இறக்கம் இறங்கறதை நினைச்சே பாக்க முடியல. உங்க வண்டியில இருக்கான்னு பாத்துக்குங்க.

ஓசூர் ஜிப்ஸி:
சரிங்க, நேர் அச்சு விஷயத்தை ஒத்துக்கறேன். நீள ஷேக்கிள் பத்தி ஒண்ணு: ஷேக்கிளை ரெண்டு இஞ்ச் நீட்டினா அச்சு மேல கிடைக்கறது ஒரு இஞ்ச்தான். பின் அச்சுல பினியன் கியரோட கோணமும் திரும்பிடும், சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு போற புரொப்பெல்லர் ஷாஃப்ட்ல அதிர்வு வரும். சட்டத்தையும் பாத்துக்குங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், 2019 ஜனவரியில வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கம்பெனி அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னுதான் சொல்லுது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

மலையடிவாரம்:
எல்லாருக்கும் நன்றி. அளந்து பாத்தேன். பின்பக்கம் இடது, வலதை விட ஒன்றரை இஞ்ச் கம்மி. அச்சு தூரம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இடது முன் ஆக்சில்ல வெளிப்பூட் கிழிஞ்சு, ரிம் உள்பக்கமெல்லாம் கிரீஸ். பின் கட்டை வேற பட்டறையில பிரிச்சோம். பெரியவர் சொன்ன மாதிரியே மூணாவது பிளேட் சென்டர் போல்ட் ஓட்டையில ரெண்டா உடைஞ்சிருக்கு! ஷேக்கிள்ல இருக்கற ரப்பர் புஷ் நாலும் தேஞ்சு போச்சு. ஷாக் ஒண்ணு நல்லா இருக்கு, ஒண்ணு நடுவுல விட்டுருச்சு.

பிரேக் வால்வுக் கம்பி பின் அச்சுல எதுவும் இல்லைங்க, பாத்துட்டேன்.

இப்ப என்ன செய்யறது? உடைஞ்சதை மட்டும் மாத்தினா போதுமா? லோடுக்கு ஏதாவது சேர்க்கணுமா?

பழைய லாரிக்காரன்:
நல்ல வேளை, பிரிச்சீங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க தம்பி. பழைய பக்கம் தளர்ந்திருக்கும், மறுபடி சாயும். ரெண்டு பக்கமும் கம்பெனி அளவுல புதுக் கட்டு போடுங்க. ஷாக்கும் ஜோடியா மாத்துங்க.

லோடுக்கு வேணும்னா அடியில நேரா இருக்கற ஒரு ஹெல்ப்பர் பிளேட் போதும். காலியா இருக்கும்போது அது எடை வாங்காது. லோடு ஏறி மேல் பிளேட்டுகள் நேராகும்போதுதான் வேலை செய்யும். அதனால அப்பாவைக் கூட்டிட்டுப் போகும்போது மெத்துன்னு இருக்கும், தக்காளி ஏத்தும்போது தாங்கும். கம்பெனி சொன்ன எடைக்கு மேல ஏத்தறதுக்கு அது லைசென்ஸ் கிடையாது. முதல்ல அந்த ஹெல்ப்பர் இல்லாமலே கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க, தேவையே இல்லாமலும் போகலாம்.

டிரம்மைக் கதவு ஓரத்துல வைக்கறீங்களா? தண்ணி நிறைஞ்சா அதுவே 200 கிலோ. பின் அச்சுக்குப் பின்னாடி அந்த எடை இருந்தா பின்பக்கம் இன்னும் அமுங்கும், முன்பக்கம் லேசாகும். முன் சீட்டை ஒட்டித் தள்ளிக் கட்டுங்க.

மலையடிவாரம்:
கதவு ஓரம்தான் வச்சிட்டிருந்தோம். மாத்திடறோம். ரெண்டு பக்கமும் கம்பெனிக் கட்டு, ஷாக் ஜோடி, புஷ், முன்னாடி பழைய உயரம், இடது ஆக்சில் ஜாயிண்ட், அலைன்மெண்ட். ஹெல்ப்பர் பிறகு பாத்துக்கறேன். அந்த மூணு இஞ்ச் வேலைக்குச் சொன்ன பணத்தை விடக் கம்மியாத்தான் வருது. மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, நான் பட்டறையிலயே பக்கத்துல நிப்பேன்.

பழைய லாரிக்காரன்:
யூ போல்ட் புதுசு வாங்குங்க, பழசைத் திரும்பப் போட விடாதீங்க. நாலு நட்டையும் குறுக்கால மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணணும். ஷேக்கிள் போல்ட்டை ஜாக்கி மேல இருக்கும்போது முழுசா டைட் பண்ணக் கூடாது. வண்டியைத் தரையில இறக்கி, எடை உக்காந்த பிறகுதான் இறுதி டைட். இல்லன்னா புஷ் ரப்பர் முறுக்குன நிலையிலயே நின்னு சீக்கிரம் கிழிஞ்சிடும். 500 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை ஒரு தடவை திரும்ப டைட் பண்ணிக்குங்க. உயரம் மாறியிருக்கும், ஹெட்லைட்டையும் ராத்திரியில ஒரு சுவத்து முன்னாடி நிறுத்திச் சரி பண்ணிடுங்க.