லீவுக்கு வெற்றிலைச் சுண்ணாம்பு போதும்

பாளையங்கோட்டை, வேதியியல் டீச்சர்

லீவில் பிள்ளைகள் வீட்டிலேயே அறிவியல் சோதனை செஞ்சு பார்க்க, பெட்டியில் அடைச்சு விற்கிற சயின்ஸ் கிட் எதுவும் வேண்டாம். வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பு ஒரு பாக்கெட், மஞ்சள்தூள், வேலியோரச் சங்குப்பூ. இந்த மூணே ஒரு வாரத்துக்கு ஓடும்.

முதல்ல சுண்ணாம்புத் தெளிநீர். அரை லிட்டர் பாட்டிலில் அரை டீஸ்பூன் சுண்ணாம்பைப் போட்டு, கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கிக் குலுக்கி ராத்திரி பூரா வையுங்க. காலையில் மேலே கண்ணாடி மாதிரித் தெளிஞ்சிருக்கும். அசைக்காமல் அதை மட்டும் இன்னொரு பாட்டிலுக்குச் சரிச்சுக்கணும். பிள்ளைகள் கரண்டி கரண்டியா அள்ளிப் போடப் பார்க்கும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1.7 கிராம்தான் கரைக்கும், மிச்சமெல்லாம் அடியில் சும்மா கிடக்கும்.

கண்ணாடி டம்ளரில் 50 மில்லி தெளிநீர் ஊத்தி, ஸ்ட்ரா வழியா மெதுவா ஊதச் சொல்லுங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள பால் மாதிரி வெளுக்கும். மூச்சில் வர்ற கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகுது. தாழையூத்தில் சிமெண்டுக்கு வெட்டுற சுண்ணாம்புக் கல்லும் இதேதான். பெரும்பாலும் எல்லாரும் இந்த இடத்தோட நிறுத்திடுறாங்க. நிறுத்தாமல் இன்னும் சில நிமிஷம் ஊதணும். கூடுதலா வர்ற வாயு அந்த வெள்ளையில் ஒரு பங்கைக் கரையக்கூடிய பைகார்பனேட்டா மாத்தும். மிச்ச வெள்ளையை அடியில் படிய விட்டு, மேலே தெளிஞ்ச தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் கொதிக்க விட்டால் திரும்பவும் கலங்கும். போர் தண்ணீர் காய்ச்சுற பாத்திரத்தில் வெள்ளையாப் படியுறது எங்கிருந்து வருதுன்னு பிள்ளைகளுக்கு அப்போ தானாப் புரியும்.

வெளுக்கவே இல்லைன்னா சுண்ணாம்பு பழசு. காய்ந்து கட்டியாகி, காற்றிலேயே கார்பனேட்டா மாறியிருக்கும். தெளிநீரைத் திறந்து வச்சாலும் மேலே மெல்லிய ஆடை கட்டும், காரணம் அதேதான்.

பிள்ளைகள் ஊதுறதுக்குப் பதிலா உறிஞ்சிடும். அதனால ஸ்ட்ராவின் மேல்பக்கம் ஊசியால் ஒரு ஓட்டை போடுங்க, உறிஞ்சினா காற்றுதான் வரும். கண்ணில் தெறிச்சால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கிட்டே இருந்து டாக்டரிடம் கூட்டிட்டுப் போகணும். சூளையில் சுட்டு இன்னும் தண்ணீர் விட்டு நீற்றாத சுண்ணாம்பை வீட்டுக்குள்ளேயே விடாதீங்க, தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும்.

மஞ்சள் காகிதத்துக்கு ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளை மூணு டேபிள்ஸ்பூன் சர்ஜிகல் ஸ்பிரிட்டில் கலக்கிக்கணும். மஞ்சளின் நிறப்பொருள் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். அடுப்புப் பக்கம் மட்டும் போகக்கூடாது. அச்சில்லாத செய்தித்தாள் ஓரத்தை முக்கி, நிழலில் காயப் போடுங்க. வெயிலில் போட்டால் நிறம் வெளிறிடும். சுண்ணாம்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சலவை சோடா எல்லாம் செக்கச் செவேல்னு ஆக்கும். ஆரத்தித் தட்டில் நடக்குறது இதுதான். ஆப்ப சோடா லேசா ஆரஞ்சோட நின்னுடும், அதோட காரத்தன்மை அவ்வளவுதான். புளி, எலுமிச்சை பட்டா ஒண்ணும் ஆகாது. மஞ்சளுக்குக் காரம்தான் தெரியும். அமிலத்தைப் பிடிக்க நீலச் சங்குப்பூ வேணும். பத்துப் பூவை ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டால் நீலச் சாறு கிடைக்கும். எலுமிச்சைக்கு ஊதா, இன்னும் கூட விட்டா இளஞ்சிவப்பு. சுண்ணாம்புத் தண்ணீருக்குப் பச்சை. சாறு ஃப்ரிட்ஜில் வச்சாலும் ரெண்டு மூணு நாளுக்கு மேல் தாங்காது.

கருப்பட்டிக்குப் பதநீர் இறக்குற வீடாக இருந்தா அந்தப் பதநீரில் மஞ்சள் காகிதத்தை முக்கிப் பாருங்க. புளிக்காம இருக்கக் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுறாங்க. எவ்வளவு தடவினாங்கன்னு காகிதம் காட்டிக் கொடுத்துடும்.

கடையம், ரெண்டு பிள்ளைகளின் அம்மா

டீச்சர், போர் தண்ணீர் பேச்சு வந்ததால இதையும் சேர்த்துக்கோங்க. குளியல் சோப்பைச் சீவி ஒரு டீஸ்பூன் எடுத்து, 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கரைச்சு வையுங்க. ஒரே அளவு பாட்டில் மூணில் ஆத்துத் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் தலா 100 மில்லி. இங்க் ஃபில்லரால் அஞ்சு அஞ்சு சொட்டா விட்டுக் குலுக்கணும். நுரை ஒரு நிமிஷம் கலையாம நிக்குற வரைக்கும் எத்தனை சொட்டுன்னு எழுதிக்கணும். தாமிரபரணித் தண்ணீருக்குக் கொஞ்சத்தில் முடிஞ்சிடும், போர் தண்ணீர் சொட்டைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், நுரைக்குப் பதிலா வெள்ளைத் திரை மிதக்கும். பாத்திரம் கழுவுற லிக்விடை விட்டா மூணும் ஒரே மாதிரி நுரைக்கும், சோதனை பாழ். அது சோப்பு இல்லை, டிடர்ஜென்ட். தண்ணீரில் உள்ள கால்சியம் அதை மடக்காது.

பலூன் ஊத வைக்கிறதுக்கு வினிகர் தேடாதீங்க, புளியங்குடி எலுமிச்சை போதும். மூணு பழச் சாறு, சுமார் 60 மில்லி, பாட்டிலில். ஆப்ப சோடா தலை தட்டின ஒரு டீஸ்பூன் பலூனுக்குள்ள. பலூனை முதல்ல வாயால் ஊதித் தளர்த்தணும், இல்லைன்னா வாயு வந்தும் விரியாது. சோடாவை இன்னும் ரெண்டு ஸ்பூன் கூட்டினா பெருசாகும்னு பிள்ளைகள் நினைக்கும். ஆகாது. சாறு தீர்ந்தா சோடா அப்படியே அடியில் நிக்கும். அதையும் செஞ்சு பார்க்க விடுங்க.

வள்ளியூர், நில அளவை வேலை

ஏப்ரல் 12-ஐ ஒட்டி நம்ம ஊருல நடுப்பகலில் குச்சிக்கு நிழல் விழாது. ஆகஸ்ட் 31 வாக்கில் இன்னொரு தடவை. சென்னைக்கு அது ஏப்ரல் 24 பக்கம் வரும். தேதியை டிவியில் கேட்டுட்டு அதே நாளில் இங்கே நின்னா நிழல் இருக்கும். நெல்லை சுமார் 8.7 டிகிரி வட அகலாங்கு (அட்சரேகை), சூரியன் அந்த டிகிரிக்கு வர்ற நாள்தான் நமக்கு.

நேரம் 12 மணின்னு நினைச்சுத்தான் முக்காவாசிப் பேர் கோட்டை விடுறாங்க. இந்திய நேரம் 82.5 டிகிரி நெட்டாங்குக்கு (தீர்க்கரேகைக்கு) உள்ளது. நாம 77.7-ல் இருக்கோம். ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், ஆக 19 நிமிஷம் தள்ளி, சுமார் 12.20-க்குத்தான் சூரியன் உச்சிக்கு வரும்.

குச்சி ஒரு மீட்டர். கொத்தனாரின் தூக்குக்குண்டை ரெண்டு பக்கமும் பிடிச்சுச் செங்குத்தா நிறுத்தணும். கண்மதிப்பு உதவாது, ஒரு டிகிரி சாய்ஞ்சாலே 1.7 செ.மீ. நிழல் வந்துடும். ஒரு நாள் முன்னே பின்னே ஆனா அரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம், அதனால தேதியை விடக் குச்சிதான் முக்கியம். சின்னப் பிள்ளைகளுக்கு ரெண்டடி பிவிசி குழாயை நிறுத்துங்க. உள்சுவரில் படாமல் அடியில் முழு வட்டமா வெளிச்சம் விழும், கத்தி ஆர்ப்பாட்டம் பண்ணும்.

அந்த நாளோட விட்டுடாதீங்க. மார்ச் 21 நடுப்பகல், நம்ம ஊருக்கு 12.26 வாக்கில், அதே குச்சி வடக்கே 15 செ.மீ. காட்டும். ஏப்ரல் 12 தாண்டினா நிழல் தெற்கே திரும்பும், ஜூன் 21-ல் 26 செ.மீ. டிசம்பர் 21-ல் வடக்கே 63 செ.மீ. மாடியில் சாக்பீஸால் குறிச்சா மழை அழிச்சிடும், பெயிண்ட்ல வையுங்க. மார்ச் 21 அளவை குச்சி நீளத்தால் வகுத்து, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு செங்கோண முக்கோணம் வரையக் கொடுத்தா, பாகைமானியிலேயே ஊரின் அகலாங்கு ஒன்பது டிகிரிக்குப் பக்கத்தில் வந்துடும்.

திருநெல்வேலி டவுன், அல்வாக் கடை

அல்வாக்குக் கோதுமைப் பால் எடுக்குறதே ஒரு சோதனைதான். 100 கிராம் மைதா, 60 மில்லி தண்ணீர், கெட்டியாப் பிசைஞ்சு அரை மணி மூடி வையுங்க. பிறகு சட்டியில் தண்ணீருக்குள்ள வச்சு மெதுவா அமுக்கிக் கழுவணும். நாலஞ்சு தண்ணீர் மாத்தினதும் கையில் ரப்பர் மாதிரி ஒரு உருண்டை மிஞ்சும். அது குளூட்டன், கோதுமைப் புரதம். ஆறப் போடாம அவசரப்பட்டுக் கசக்கினா துணுக்குத் துணுக்காப் பிஞ்சு தண்ணீரோட போயிடும். ஆட்டா மாவில் தவிடு இருக்குறதால பிடிப்புக் குறைவு. அரிசி மாவைக் கழுவினா உருண்டையே மிஞ்சாது, ஒப்பிட்டுப் பார்க்க அதையும் ஒரு சட்டியில் செய்யணும்.

கழுவின பாலை மூணு மணி நேரம் இறங்க விட்டு, மேல் தண்ணீரைக் கொட்டினா அடியில் மாவுச்சத்து. அதில் ரெண்டு டீஸ்பூன் எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கிண்டிக் காய்ச்சுங்க. ரொம்ப நேரம் ஒண்ணும் ஆகாத மாதிரி இருந்துட்டு, திடீர்னு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும். கைக்கு வர்ற அந்த இறுக்கத்தைப் பார்த்துத்தான் நாங்க தீயைக் குறைக்குறோம். ஆறினதும் தண்ணீர் விட்டு நீர்க்கப் பண்ணி, பெட்டாடின் ஒரு சொட்டு விட்டா கருநீலம். அதையே சூடாக்கினா நீலம் மறையும், ஆறினா திரும்ப வரும். பெட்டாடின் பட்டதை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

திசையன்விளை, பனங்காட்டுக்காரர்

அண்ணாச்சி மாவு சொன்னாரு, நான் மண் சொல்லுதேன். உவரி கடற்கரையில் கருப்பும் இளஞ்சிவப்புமா மணல் வரி வரியாக் கிடக்கும். ஒரு கைப்பிடி போதும், மூட்டை கட்டாதீங்க. நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவி நல்லாக் காய வையுங்க, ஈரமிருந்தா எல்லாம் சேர்ந்து ஒட்டும். ஃப்ரிட்ஜில் ஒட்டுற காந்தத்துக்கு இது மசியாது, ரொம்பப் பலமான நியோடிமியம் காந்தம் வேணும். பாலித்தீன் கவரில் சுத்தி மணலுக்கு மேலே கொண்டு போனா கருப்பு மணி முதல்ல எழும்பும், அதில் நிறைய இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தது. இளஞ்சிவப்பு கார்னெட், காந்தம் ரொம்பக் கிட்டப் போனாத்தான் வரும். வெள்ளை மணல் அசையாது. கவரை உருவினா மணி உதிர்ந்துடும். கவரில்லாமல் தொட்டா காந்தத்தைச் சுத்தம் பண்ணி மாளாது. இந்தக் காந்தத்தில் சின்னது எதையும் சின்னப் பிள்ளை கையில் கொடுக்காதீங்க, ரெண்டை முழுங்கினா குடலைக் கவ்விப் பிடிச்சிடும்.

நுங்கு வண்டியிலும் ஒண்ணு இருக்கு. ரெண்டு வெறுங்காயும் ஒரே அளவா இருந்தா நேரே ஓடும். ஒண்ணைச் சின்னதா மாத்திக் கோத்தா வண்டி சின்னதின் பக்கமே வளைஞ்சு போகும், ஏன்னா ரெண்டும் ஒரே குச்சியில் ஒண்ணா உருளும்போது பெருசு கூடத் தூரம் போயிடுது. குச்சி காய்க்குள்ள இறுக்கமா நிக்கணும். லொட லொடன்னு தனியாச் சுத்தினா வளையாது. கவட்டைக் கம்பு குச்சியின் நடுவில் இருக்கட்டும். எத்தனை அடிக்கு எவ்வளவு வளையுதுன்னு தெருப் புழுதியில் தடத்தை அளந்துக்கிடலாம்.