பொடியன்களும் நாங்கள் அனுப்பும் காசும்

அன்புள்ள ஊர் உறவுகளே, வணக்கம்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில், ஊரில் நடத்தும் போதை ஒழிப்பு ஊர்வலத்துக்குக் காசு ஒதுக்க இருக்கிறோம். பதாகை, ரீசேட், மேளம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காசை வேறு விதமாகச் செலவழிக்கக் கேட்டே இதை எழுதுகிறேன்.

போன ஆடியில் திருகோணமலைக்குப் போய் ஆறு கிழமை நின்றேன். அக்காவின் மகனுக்கு 19 வயது. ரியூசனுக்கென்று மாதா மாதம் அவன் கணக்குக்கே காசு போட்டு வந்தவன் நான். போய்ப் பார்த்தால் கன்னம் ஒட்டிக் கிடக்கிறான். சாப்பாட்டில் கை வைப்பதில்லை, இரவிரவாக முழிப்பு. படிக்கிறான் என்றே அக்கா நம்பியிருந்தா. காரணம் ஐஸ் என்கிற போதைப்பொருள். பரீட்சைக்கு முழித்திருக்கலாம் என்று ஒரு கூட்டாளி கொடுத்தானாம். இரவில் கடலுக்குப் போகும் பொடியன்களுக்கும் அலுப்புத் தெரியாது என்று சொல்லித்தான் கையில் வைக்கிறார்கள். என் காசுதான் அதற்குப் போயிருக்கிறது. தயவுசெய்து பிள்ளையின் கைக்கு அனுப்பாதீர்கள். தாயின் கணக்கில் போடுங்கள், இல்லாவிட்டால் ரியூசன் ஆசிரியருக்கு நேரே கட்டுங்கள்.

அக்கா முதலில் செய்தது வாசல் கதவைப் பூட்டியதுதான். சனம் அறிந்தால் மகளின் கலியாணம் குழம்பும் என்ற பயம். ஒரு கிழமை அப்படியே போய்விட்டது. அப்புறம்தான் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு எடுத்து ஆலோசனை கேட்டோம். ஐஸை விட்ட முதல் நாட்களில் ஒரே நித்திரை, பிறகு எதிலும் மனம் ஒட்டாத சோர்வு. விடுகிற பலருக்கு அப்படித்தான் வரும். பிள்ளை திருந்தவில்லை என்று ஏசுகிற நேரமில்லை அது. பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

சட்டம் இருக்கிறது. 21 வயது நிரம்பாதவருக்குச் சிகரெட்டோ சாராயமோ விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் பிடிபட்டாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகும். ஒரு தேக்கரண்டி சீனி அளவுதான் அது. யாரோ கொடுத்த பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொடியனுக்கு இது தெரியாது. வீட்டில் சொல்லிவையுங்கள்.

இனி என் கோரிக்கை. ஊரில் எங்கள் மைதானம் ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். பந்தடித்து முடிந்த பொடியன்கள் வீட்டுக்குப் போகாமல் மதிலடியில் நிற்பார்கள். விற்கிறவன் வருவதும் அந்த நேரம் பார்த்துத்தான். நாலு விளக்கு, ஒரு கரப்பந்து வலை, எட்டு மணிவரை கூட நிற்கும் பயிற்றுநருக்கு மாதக் கொடுப்பனவு. ஊர்வலம் ஒரு காலையோடு முடியும், இது வருடம் முழுக்க நடக்கும். மிச்சம் வந்தால், பள்ளியை விட்ட பிள்ளைகள் இரண்டு மூன்று பேரைப் படகு எஞ்சின் திருத்தும் வேலை பழக விடலாம்.

மருமகனும் இப்போது அப்படியொரு பட்டறைக்குத்தான் போய்வருகிறான். விளக்குக் கம்பங்களுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். கூட்டத்துக்கு முன் உங்கள் சம்மதத்தை எழுதுங்கள்.