ஆய்வேட்டுக்கும் ஊர் மலருக்கும் ஒரே நடைக் கையேடு போதுமோ?

வரலாற்று மாணவி:
யாழ். பல்கலைக்கழகத்திலை வரலாறு படிக்கிறன். ஆய்வேடு தமிழிலை. அதோடை எங்கடை ஊர் வாசிகசாலை மலருக்கு ஒரு கட்டுரையும் பேப்பருக்கு ஒரு பத்தியும் எழுதோணும். மூண்டுக்கும் ஏபிஏ (APA) எண்ட மேற்கோள் நடைக் கையேட்டின்ரை 7ஆம் பதிப்பையே பின்பற்றலாமோ?

ஒருமுறைக்காரன்:
ஓம் தங்கச்சி, தாராளமா. ஆய்வேடுகள் திருத்தியிருக்கிறன். ஒரே பக்கத்திலை மேலை அடைப்புக்குறி, கீழை அடிக்குறிப்பு, கடைசியிலை மூண்டு விதமான உசாத்துணைப் பட்டியல். மூண்டு முறையையும் பழகப் போய் மூண்டிலையும் பிழை விடுறதிலும் பார்க்க ஒண்டை வடிவாப் படிக்கிறது நல்லது.

மெய்ப்புக்காரர்:
எனக்கு உடன்பாடில்லை. ஏபிஏ அமெரிக்க உளவியல்காரர் உண்டாக்கின முறை. அவைக்கு ஆய்வு எந்த ஆண்டு வந்தது எண்டதுதான் முக்கியம். அதுதான் வசனத்துக்குள்ளையே ஆண்டு நிக்குது. பிள்ளை, உம்மடை வேலை வேறை. 1981இலை எங்கடை பொது நூலகம் எரிஞ்சது. அதுக்கு முந்தின துண்டுப்பிரசுரம் ஒண்டை நீர் எடுத்துக் காட்டினா, ஆரிட்டை இருந்த பிரதி, எத்தினையாம் பதிப்பு, எந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு எண்டெல்லாம் சொல்லோணும். இல்லாட்டி உமக்குப் பிறகு வாற ஆள் அதை எங்கை போய்த் தேடும்? சிக்காகோ எண்ட மற்ற மேற்கோள் முறையின்ரை அடிக்குறிப்பிலை அதுக்கு இடம் இருக்கு.

ஒருமுறைக்காரன்:
ஐயா, ஏபிஏயிலையும் காப்பக ஆவணத்துக்கு மாதிரி தந்திருக்கினம். அடிக்குறிப்பு அரைப் பக்கத்தைத் திண்டா ஆர் வாசிக்கிறது?

மெய்ப்புக்காரர்:
வரலாற்றுக்காரர் வாசிப்பினம். சில வேளை அதைத்தான் முதல் வாசிப்பினம்.

மருத்துவபீடம்:
நாங்கள் வன்கூவர் முறை. 1978இலை மருத்துவ சஞ்சிகை ஆசிரியர்கள் வன்கூவரிலை கூடி எடுத்த முடிவிலை இருந்து வந்தது. ஒரு வசனத்துக்குப் பின்னாலை பத்துக் கட்டுரை நிக்கும், எல்லாத்தின்ரை பேரையும் போட்டா வசனமே காணாமல் போடும். அதாலை இலக்கம் மட்டும். வரலாற்றுக்கு இது சரிவராது, ஆர் சொன்னது எண்டதை வாசிக்கேக்கையே தெரியோணுமெல்லே.

மெய்ப்புக்காரர்:
இன்னொண்டு, பேர். எங்கடை தலையெழுத்து தகப்பன்ரை பேர், அது முன்னுக்கு வரும். சிக்காகோ அடிக்குறிப்பிலை "க. கைலாசபதி" எண்டு நாங்கள் எழுதிற மாதிரியே நிக்கும். ஏபிஏ பட்டியலிலை "கைலாசபதி, க." எண்டு திரும்பும். அதுவும் பரவாயில்லை. வெளிநாட்டிலை இருக்கிறவை தகப்பன்ரை பேரைக் கடைசியிலை வைச்சிருப்பினம். மென்பொருள் அதைக் குடும்பப் பேரெண்டு பிடிக்கும். பட்டியலிலை தகப்பன் ஆய்வாளராகிவிடுவார். எழுதினவருக்குச் செய்யிற அநியாயம் அது.

ஒருமுறைக்காரன்:
பேர் விசயம் சரி, ஒத்துக்கொள்ளுறன். ஆனா அது எந்த முறையிலையும் வரும், சிக்காகோவின்ரை கடைசிப் பட்டியலும் பேரைத் திருப்புது. அதாலை ஏபிஏயை விடச் சொல்லாதேங்கோ.

மெய்ப்புக்காரர்:
அப்ப பேப்பர் பத்திக்கு என்ன செய்வீர்? அங்கை அடைப்புக்குறியும் இல்லை, பட்டியலும் இல்லை. சொன்ன ஆளை வசனத்துக்குள்ளையே கொண்டுவரோணும். எழுத்துக்கூட்டலுக்கு இந்த ஆங்கிலக் கையேடுகள் ஒண்டும் உதவாது. அவுஸ்திரேலியாவோ ஆஸ்திரேலியாவோ? நியூயோர்க்கோ நியூயார்க்கோ? ஒற்று எங்கை மிகும்? பேப்பர் கந்தோரிலை நான் வேலை செய்யேக்கை மேசைக் கண்ணாடிக்குக் கீழை ரெண்டு தாள் வைச்சிருந்தனான். சந்தேகம் வாற சொல்லை எல்லாம் அதிலை எழுதி, ஒரு முடிவெடுத்து, பிறகு மாத்திறேல்லை. நல்லூரிலை பிறந்த ஆறுமுக நாவலர் உரைநடையிலை நிறுத்தக் குறிகளைப் பாவிச்சது வாசிக்கிறவைக்கு விளங்கோணும் எண்டுதான். அந்த அக்கறை முதல் வரோணும், கையேடு பிறகு.

வரலாற்று மாணவி:
ஐயா, ஊர் மலருக்கு நான் வயசாளிகளிட்டைக் கேட்ட கதைகள்தான் இருக்கு. அதுக்கு?

மெய்ப்புக்காரர்:
சொன்னவரின்ரை சம்மதம் கேளும். சம்மதிச்சா பேர், ஊர், கேட்ட திகதி. கட்டுரையின்ரை கடைசியிலை ஒரு பந்தியாப் போட்டா ஊர்ச்சனம் வாசிக்கும்.

ஒருமுறைக்காரன்:
தங்கச்சி, ஆய்வேட்டுக்கு முதல் திணைக்களம் என்ன கேக்குது எண்டு எழுத்திலை வாங்கும். அவை ஏபிஏ எண்டா ஏபிஏதான்.

வரலாற்று மாணவி:
ஓம், நாளைக்குக் கேக்கிறன். விட்டா அடிக்குறிப்புத்தான் போடப்போறன். ரெண்டு தாளையும் இண்டைக்கே தொடங்கியாச்சு. முதல் வரி: "யாழ்." எண்டதுக்குப் பின்னாலை புள்ளி உண்டு.