உயிர்ச்சுவடு தரவுத்தளங்களில் தேடிப் பார்த்த திருக்கோணமலைக்காரர் இருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

உவர்மலை ரீச்சர்:

உலகெங்கும் கிடைத்த உயிர்ச்சுவடுகளை (fossils) பதிந்துவைக்கும் பேலியோபயோலொஜி டேட்டாபேஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில், அவை கிடைத்த இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் உலகப் படம் திறந்ததும் பிள்ளைகள் முதலில் தேடுவது எங்கள் ஊரைத்தான். கோணேசர் கோயில் நிற்கும் மலையில் ஏதாவது இருக்குமா என்று ஒரு நப்பாசை. இருக்காது. அது கேம்பிரியன் காலத்துக்கு முந்திய, அதாவது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் பழைய, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. இலங்கையில் தேடுவதென்றால் தப்போவையின் யுராசிக் தாவரங்கள், மினிஹாகல்கந்தையிலும் யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லிலும் உள்ள மயோசீன் (டைனோசர்கள் அழிந்து நெடுங்காலத்துக்குப் பிந்திய காலம்) கடலுயிர்கள், இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளில் வந்த யானை, நீர்யானை எலும்புகள் என்று சில இடங்கள்தான்.

ஆனால் புள்ளிகளைப் பார்த்துவிட்டு மூடினால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு புள்ளியைத் தட்டி முழுப் பதிவுக்குள் போங்கள். என்ன பாறை, கடலடியா ஆற்றுப் படுகையா, ஓடு அப்படியே இருக்கிறதா அச்சு மட்டும்தானா, எலும்புகள் மூட்டோடு கிடந்தனவா சிதறியா என்றெல்லாம் அங்கே குறித்திருப்பார்கள். ஒரு உயிர் எப்படிக் கல்லுக்குள் போனது என்று அதில்தான் தெரியும்.

அதைப் படித்த கையோடு பிள்ளைகளை நிலாவெளிக் கரைக்குக் கூட்டிப்போனேன். பொறுக்கிய மட்டியெல்லாம் ஒற்றை ஓடுகள். சிலவற்றில் உச்சிக்குக் கிட்ட சீரான வட்ட ஓட்டை. ஊன் தின்னும் நத்தை துளைத்தது. மட்டி செத்தால் அதன் இரண்டு ஓடுகளையும் பிணைக்கும் நார் அழுகிவிடும், மிச்சத்தை அலை பார்த்துக்கொள்ளும். "அப்ப பதிவில ரெண்டு ஓடும் சேர்ந்திருக்கு எண்டு போட்டிருந்தா?" என்று கேட்டேன். "கெதியா மண் மூடியிருக்கு ரீச்சர்" என்றாள் ஒருத்தி. அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

யாழ்ப்பாணத்தான், இப்போது உப்புவெளி:

ரீச்சர், எங்கள் வீட்டுக் கிணறு வெட்டியபோது வந்த கல்லில் சுருள் சுருளாகக் குழிகள் இருந்தன, ஆனால் சங்கைக் காணவில்லை. அது ஏன் என்று விளங்கியது இந்தப் பதிவுகளைத் துழாவியபோதுதான். ஓடுகள் எல்லாம் கல்சியம் காபனேற்றுத்தான், ஆனால் அதற்கு அரகொனைட், கல்சைட் என்று இரண்டு படிக வடிவங்கள். சங்கு, நத்தை, பவளம் பெரும்பாலும் அரகொனைட். நிலத்தடி நீர் ஊறினால் முதலில் கரைவது அதுதான். ஒட்டுச் சிப்பியின் ஓட்டில் பெரும்பகுதி கல்சைட், அது நின்றுபிடிக்கும். அதனால் ஒரு கல்லில் சிப்பியாகவே இருந்தால் அந்தக் கடலில் சிப்பி மட்டும்தான் வாழ்ந்தது என்று முடிவுகட்டக் கூடாது. புறாமலைக் கரையில் குவிந்து கிடக்கும் பவளத் துண்டுகளைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் இவற்றில் எது மிஞ்சும் என்றுதான் யோசனை ஓடுகிறது.

கன்னியாவில் இருந்து ஒரு வளாக மாணவி:

அண்ணை சொன்னது சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். ஓடோ எலும்போ எந்த நிலையில் மிஞ்சியிருக்கிறது என்று குறிக்கும் கட்டங்கள் பல பதிவுகளில் வெறுமையாக இருக்கும். தரவை ஏற்றுபவர்கள் அச்சான ஆய்வுக் கட்டுரைகளைப் பார்த்துத்தான் ஏற்றுகிறார்கள். கட்டுரை எழுதியவர் சொல்லாததை அவர்கள் எங்கே தேடுவது? எக்செல்லில் இறக்கி எண்ணத் தொடங்குமுன் வெறுமையை 'இல்லை' என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னொரு கோணல், யார் எழுதினார்கள் என்பது. தொல்லுயிர் ஆய்வாளர் நுசைபா ராஜாவும் கூட்டாளிகளும் செய்த ஆய்வின்படி, முப்பது ஆண்டுகளில் சேர்ந்த தரவில் 97 சதவீதம் வசதியான, நடுத்தரத்துக்கு மேலான நாடுகளின் ஆய்வாளர்கள் தந்தது. எங்கள் பக்கம் புள்ளி குறைவாகத் தெரிவதற்குப் பாறை மட்டும் காரணமில்லை.

நியோடோமா என்ற இன்னொரு தரவுத்தளத்தையும் பாருங்கள். மகரந்தம், பாலூட்டி எலும்பு என்று அண்மைக் கால எச்சங்களுக்கு அதுதான் நல்லது. பெயரே வட அமெரிக்காவில் கண்டதையெல்லாம் கூட்டில் சேர்க்கும் ஒரு எலியினுடையது. வறண்ட குகைகளில் அதன் மூத்திரம் காய்ந்து படிகமாகி, இலையையும் விதையையும் பல்லாயிரம் ஆண்டுகள் காத்துவைக்கிறது. எங்கள் மாரி மழைக்கு இதெல்லாம் சரிவராது.

உவர்மலை ரீச்சர்:

தம்பி, அந்தக் கிணற்றுக் கல் இன்னும் வளவில் கிடக்கிறதா? அடுத்த முறை ஊருக்குப் போனால் ஒரு துண்டு கொண்டுவாரும். களிமண்ணைக் குழிக்குள் அமத்தி எடுத்தால் அது என்ன சங்கென்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.