செங்கோட்டை ரயில் நிலையத்தின் மூன்று பழைய படங்கள்: ஆண்டைக் கணிக்க உதவ முடியுமா?

குண்டாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பூர்விக வீட்டை ஒழித்துக் கொடுத்தபோது, பரணில் கிடந்த தகரப்பெட்டி ஒன்றில் செங்கோட்டை ரயில் நிலையத்தில் எடுக்கப்பட்ட மூன்று புகைப்படங்கள் அகப்பட்டன. எதன் பின்புறத்திலும் தேதியோ ஸ்டுடியோ முத்திரையோ இல்லை.

முதல் படம் கறுப்பு வெள்ளை. என் தாத்தாவும் அவருடைய நண்பர்கள் இருவரும் நிலையத்தின் பெயர்ப்பலகைக்கு அருகே நிற்கிறார்கள். பலகையின் மேல்வரியில் தமிழிலும் கீழ்வரியில் ‘ஷென்கோட்டா’ என்று படிக்கும்படியான பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் ஊர்ப்பெயர் இருக்கிறது. நடுவரி இருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்புப் பட்டையாகத் தெரிகிறது. தூரத்தில் ஒரு கைகாட்டி மரம்.

இரண்டாவதும் கறுப்பு வெள்ளைதான். என் அத்தை திருமணமாகிக் கணவர் வீட்டுக்குப் புறப்படுகிறார் என்பது கழுத்து மாலையிலிருந்து தெரிகிறது. பெட்டியின் வாசலுக்கு நேர் கீழே, நடைமேடையில், ஒரு டிரங்குப் பெட்டி படுக்கவைக்கப்பட்டிருக்கிறது. அதை ஏன் வழியில் போட்டுவைத்திருக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பின்னால் உள்ள சுவரில் ‘இரண்டாம் வகுப்பு’ என்று தொடங்கும் எழுத்துகள். அவற்றுக்கு அடியில் வேறு எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன.

மூன்றாவது வண்ணப்படம். நீல நிறப் பெட்டிகள் நிற்கின்றன. ஒரு பாதை குறுகலாகவும் பக்கத்துப் பாதை அகலமாகவும் இருக்கிறது.

இவை எந்தெந்த ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்கும்? இன்னொரு ஐயம்: முதல் இரண்டு படங்களில் கட்டடம் நடைமேடையிலிருந்து நன்றாக எழும்பி நிற்கிறது. இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் பழைய கட்டடங்கள் தரைக்குள் அமிழ்ந்தவை போலத் தோன்றுகின்றன. இது என் கண்ணின் பிழையா?

சாரல் காலம்

முதல் படம் சுதந்திரத்துக்கு முந்தையது என்று உறுதியாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். பலகையில் இந்தி இல்லை, ஆங்கிலம் பழைய எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, கைகாட்டியும் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கமிருந்து மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய) பாதை 1903இல் செங்கோட்டையை எட்டியது; மலையைக் குடைந்து புனலூரோடு இணைந்தது 1904 நவம்பரில். ஆகவே 1904க்கும் 1947க்கும் இடையில் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தாத்தாவின் சட்டைக் காலரைப் பார்த்தால் 1940களாக இருக்கும் என்று தோன்றுகிறது. மற்ற இரண்டையும் பற்றி அறிந்தவர்கள் சொல்லட்டும்.

பிரம்பு வளையம்

நான் 33 ஆண்டுகள் ரயில்வேயில், பெரும்பாலும் சிறிய நிலையங்களில், பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். சாரல் காலம் அவர்கள் சொன்ன தொடக்க ஆண்டுகள் சரியானவை. ஆனால் அவர் எடுத்த முடிவுடன் என்னால் உடன்பட முடியவில்லை.

முதலில் ஒரு பொது விதி. ஒரு நிலையத்தின் படத்துக்கு வயது சொல்லக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். கட்டடம் எழுபது ஆண்டுகள் அப்படியே இருக்கும். சுண்ணாம்பு மட்டும் மாறும். தண்டவாளம், கைகாட்டி, பலகை, நீராவி எஞ்சினுக்கு நீர் நிரப்பும் தண்ணீர்த்தூண் ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி ஓடும் முறை மாறும்போதெல்லாம் அவையும் கூடவே மாறியாக வேண்டும்.

கைகாட்டியை வைத்து 1947க்கு முன் என்று சொல்ல இயலாது, ஏனெனில் மீட்டர்கேஜ் நிலையங்களில் அது மிக அண்மைக்காலம் வரை இருந்தது. கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும், கீழே சாய்ந்தால் வரலாம் என்ற அந்த ஏற்பாட்டை நானே நெம்புகோல் இழுத்து இயக்கியிருக்கிறேன். அடுத்த நிலையம் வரை போக அனுமதியாக நிலைய அலுவலர் கொடுக்கும் இரும்புக் குண்டைத் தோல்பையில் வைத்துப் பிரம்பு வளையத்தோடு ஓட்டுநரிடம் நீட்டுவோம்; ஓடும் எஞ்சினிலிருந்து அவர் கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். என் புனைபெயர் அங்கிருந்து வந்ததுதான். ‘ஷென்கோட்டா’ என்ற எழுத்துக்கூட்டலும் சுதந்திரத்துக்குப் பிறகு நெடுங்காலம் நீடித்தது. நிலையத்தின் குறியீடு இன்றும் ‘எஸ்.சி.டி.’தான், இப்போதைய ஆங்கிலப் பெயரில் இல்லாத ‘சி’ என்னும் எழுத்து அதில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள்.

இனி அந்தக் கறுப்புப் பட்டை. அங்கே இந்தி ‘இல்லை’ என்று நான் நினைக்கவில்லை. இருந்து அழிக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பெயிண்டர் ஒரு வரியை வெறுமையாக விட்டால் அது பலகையின் நிறத்திலேயே இருக்கும். கறுப்பாக இருந்தால் தார் பூசப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். பெரியாரின் அழைப்பை ஏற்று ரயில் நிலையங்களில் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் கிளர்ச்சி 1952 ஆகஸ்டில் நடந்தது. பிறகு 1965 மொழிப் போராட்டத்தின்போதும் பலகைகள் கறுத்தன. இந்த இரண்டில் எது? 1952இல் செங்கோட்டை சென்னை மாநிலத்திலேயே இல்லை. அது திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்து, 1956 நவம்பர் 1 அன்றுதான் நம்மோடு சேர்ந்தது. ஆகவே 1965 என்ற பக்கமே தராசு சாய்கிறது. இதை இன்னும் உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பலகையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து நிலையத்தின் உயரத்தைச் சிறிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அது அடிக்கணக்கில் இருந்தால் நான் தோற்றேன். மீட்டர் கணக்கில் இருந்தால், 1956ஆம் ஆண்டின் மெட்ரிக் சட்டத்துக்குப் பின்னர் எழுதப்பட்ட பலகை அது.

இரண்டாவது படம் எளிது. நாட்டில் மூன்றாம் வகுப்பு 1974இல் ஒழிக்கப்பட்டது. புதிய பலகை செய்யாமல், ‘மூன்றாம்’ என்பதன் மேல் வெள்ளையடித்து ‘இரண்டாம்’ என்று எழுதிவிட்ட காத்திருப்பு அறைகளை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். மழையில் மேல்பூச்சு கரைந்ததும் அடியிலுள்ள எழுத்து மீண்டும் எட்டிப்பார்க்கும். பயணிகளும் அதே மக்கள், பெஞ்சும் அதே பெஞ்சு என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே உங்கள் அத்தையின் பயணம் 1974க்குப் பிந்தையது.

டிரங்குப் பெட்டி வழியில் கிடக்கவில்லை, அதுதான் படிக்கட்டு. மீட்டர்கேஜ் நடைமேடைகள் பெரும்பாலும் தாழ்வானவை. தண்டவாளத்தைவிடச் சற்றே உயர்ந்தவை. பெட்டியின் முதல் படியில் கால் வைக்கவே முழங்காலை மார்பு வரை தூக்க வேண்டும். பட்டுப்புடவை கட்டிய மணப்பெண்ணால் அது முடியாது என்பதால் வீட்டார் பெட்டியைப் போட்டிருக்கிறார்கள்.

பகவதிபுரம் வழி

மூன்றாவது படத்துக்கு நான் பதில் சொல்கிறேன். அந்தக் காலகட்டத்தில் வாரம் தவறாமல் அந்தப் பாதையில் மலைக்கு அப்பால் போய்வந்தவன்.

விருதுநகரிலிருந்து தென்காசி வழியாக அகலப்பாதை செங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது 2004இல்; சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியதும் அந்த ஆண்டே. புனலூர்ப் பக்கமோ இன்னும் மீட்டர்கேஜாகவே இருந்தது. அது 2010 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. ஆகவே 1,676 மில்லிமீட்டர் பாதையும் 1,000 மில்லிமீட்டர் பாதையும் அடுத்தடுத்து ரயில் நின்ற நிலையில் ஒரே படத்தில் அகப்படுவது அந்த ஆறு ஆண்டுகளில் மட்டுமே சாத்தியம். நீலப் பெட்டிகளும் அதற்குப் பொருந்துகின்றன. 1990களின் பிற்பகுதிக்கு முன்னால் என்றால் அவை செங்காவி நிறத்தில் இருந்திருக்கும்.

அந்த ஆறு ஆண்டுகளில் நிலையத்தின் தோற்றம் விசித்திரமாக இருந்தது. ஒரு பக்கம் சென்னை வண்டிக்கு உயர்ந்த நடைமேடை. மறுபக்கம் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போகும் குட்டி வண்டி, முன்னால் ஓர் எஞ்சினும் ஏற்றத்தில் தள்ளிவிடப் பின்னால் ஓர் எஞ்சினுமாகப் பள்ளத்தில் நின்றுகொண்டிருக்கும். மூட்டைகளை ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொன்றில் ஏற்றுவதற்குள் குற்றாலத்துச் சாரல் நனைத்துவிடும். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2018 ஜூனில், கொல்லம் வரை முழுமையாக அகலப்பாதை திறக்கப்பட்டது. பின்னால் தள்ளும் எஞ்சின் மட்டும் இன்றும் மாறவில்லை, ஏனென்றால் மலை மாறவில்லை.

கட்டடம் அமிழ்ந்தது போலத் தோன்றுவது உங்கள் கண்ணின் பிழையன்று. அகலப்பாதையின் உயர்ந்த நடைமேடை, தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். கட்டடத்தைத் தூக்க முடியாதே. நடைமேடையை மட்டும் உயர்த்துகிறார்கள். அப்படி உயர்த்திய நிலையங்களில் பழைய கட்டடத்துக்கு ஏறிச்செல்லும் கற்படிகள் ஒன்றொன்றாக மண்ணுக்குள் போய்விடுகின்றன. கதவும் சன்னலும் அதே உயரத்தில் இருக்க, நாம் மட்டும் மேலே வந்துவிடுகிறோம். தூணின் அடிப்பீடம் கண்ணுக்குத் தெரியாமல், தூண் நேரடியாக டைல்ஸிலிருந்து முளைத்தது போல நின்றால், அதுவே அடையாளம்.

எனக்கு அந்தப் பழைய தோற்றமே பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டுக்கூரையும் வேப்பமர நிழலும் இருந்த இடத்தில் தகரக்கூரையும் மின்கம்பியும் வந்திருப்பதை வளர்ச்சி என்று ஏற்கும் மனம் இருக்கிறது. அழகு என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

பிரம்பு வளையம்

மர விஷயத்தில் உங்களோடு நானும் ஒன்றுபடுகிறேன். உயர் அழுத்த மின்கம்பிக்கு அருகில் கிளை தாழ்ந்தால் வண்டியே நின்றுவிடும் என்பதால், மின்மயமாக்கம் வந்த இடங்களில் பாதையோர மரங்கள்தான் முதலில் போகின்றன. ஆனால் தாழ்ந்த நடைமேடைக்காக நான் வருந்த மாட்டேன். பணியில் இருந்தபோது, இரண்டு நிமிட நிறுத்தத்தில், முதியவர்களைக் கீழிருந்து ஒருவரும் மேலிருந்து ஒருவருமாக மூட்டையைப் போல ஏற்றிவிட்டுப் பச்சைக்கொடி காட்டிய நாள்கள் எத்தனையோ. படத்தில் அழகாக இருப்பது வேறு, ஏறிப்பார்ப்பது வேறு.

குண்டாறு

அனைவருக்கும் மிக்க நன்றி. இரண்டு செய்திகளைப் பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் படத்தின் பலகையை ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் உள்ள எண்ணின் முன்பாதியைத் தாத்தாவின் தோள் மறைக்கிறது. ஆனால் எண்ணுக்குப் பின்னால் மீட்டரைக் குறிக்கும் எழுத்து தெளிவாக இருக்கிறது. பிரம்பு வளையம் ஐயா தோற்கவில்லை. கறுப்புப் பட்டையின் கீழ்விளிம்பிலிருந்து இரண்டு இடங்களில் கறுப்பு ஒழுகி ஆங்கில எழுத்துகளின் மேல் வழிந்திருப்பதையும் இப்போதுதான் கவனித்தேன். அவசரமாகப் பூசிய கை அது.

சென்னையில் இருக்கும் அத்தைக்குத் தொலைபேசியில் இரண்டாவது படத்தைப் பற்றிச் சொன்னேன். திருமணம் 1978 ஆவணியில் நடந்தது என்றும், பத்திரிகை இன்னும் தம்மிடம் இருக்கிறது என்றும் சொன்னார். டிரங்குப் பெட்டியைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். அதைப் போட்டவர் தாத்தா. அத்தை அதன் மேல் ஏறி வண்டிக்குள் போய்விட்டார்; வண்டியும் புறப்பட்டுவிட்டது; பெட்டியை உள்ளே ஏற்ற எல்லோரும் மறந்துவிட்டார்கள். மாற்றுப்புடவைகள் எல்லாம் அதற்குள் இருந்தனவாம். இரண்டு நாள் கழித்து மாமா திரும்பி வந்து எடுத்துச்சென்றிருக்கிறார். பரணில் எனக்குக் கிடைத்த தகரப்பெட்டியும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்க, மூடியின் படத்தை அத்தைக்கு அனுப்பியிருக்கிறேன்.