மாத்திரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் குறைகிறது: காரணம் என்னவாக இருக்கும்?

கேள்வி

வணக்கம். என் தங்கைக்கு இப்போது 24-ஆவது வாரம். இது இரண்டாவது கர்ப்பம். மூத்த குழந்தைக்கு ஒரு வயதும் நான்கு மாதமும்தான் ஆகின்றன. பத்தாவது வாரத்தில் 11.2 இருந்த ஹீமோகுளோபின் சென்ற வாரப் பரிசோதனையில் 9.1 ஆக இறங்கியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை நான்காம் மாதத்திலிருந்து ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுகிறாள். பேரீச்சம்பழம், மாதுளை, பீட்ரூட் எல்லாம் தினமும் கொடுக்கிறோம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ரத்தம் குறைவது இயல்புதான், கவலைப்படாதே என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? இவ்வளவு கவனித்தும் ஏன் குறைகிறது?

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு, மாத்திரை சாப்பிடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது, எதனுடன் சாப்பிடுகிறாள் என்பதை எழுதவில்லை. நான் வீடு வீடாகச் சென்று பார்த்த காலத்தில் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் இரும்பு உடலில் சேர்வது குறையும். சாப்பிட்ட கையோடு காபியோ தேநீரோ குடித்தாலும் அப்படித்தான். இரண்டு மாத்திரைகளுக்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும்; இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறு அல்லது நெல்லிக்காயோடு எடுத்தால் நன்றாகச் சேரும். அந்த மாத்திரையால் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து, வீட்டாருக்குத் தெரியாமல் நிறுத்திவிடும் பெண்களும் உண்டு. அதையும் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

பீட்ரூட்டின் நிறத்தைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். ஆனால் அதில் இரும்பு மிகக் குறைவு. ஈரல், முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகளை நம்புங்கள்.

உங்கள் தங்கையின் குறைவு இந்தக் கர்ப்பத்தில் தொடங்கியிராது என்பதே என் எண்ணம். முதல் பேற்றில் இழந்ததை உடல் ஈடுகட்டுவதற்கு முன்பே, பால் கொடுத்துக்கொண்டிருந்த நிலையில், அடுத்த கரு தங்கியிருக்கிறது. அதற்கும் முன்பு மாதவிலக்கில் அதிகமாக உதிரம் போனதா? வயல் வேலைக்கோ திறந்தவெளிக்கோ வெறுங்காலுடன் செல்லும் பழக்கம் உண்டா? கொக்கிப்புழு காலின் தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து, குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் ரத்தத்தை உறிஞ்சும். இரண்டாம் மும்மாதத்தில் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை அவர் சாப்பிட்டாரா என்றும் பாருங்கள்.

மறுமொழி: மகப்பேறு மருத்துவர்

பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி 40 முதல் 50 விழுக்காடு வரை பெருகுகிறது. சிவப்பணுக்களோ 20 முதல் 30 விழுக்காடுதான் கூடுகின்றன. ஆகவே ரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் அளவு சற்று இறங்குவது இயற்கையே. அதைக் கணக்கில் கொண்டுதான், ரத்தசோகை என்று சொல்வதற்கான 11 என்ற எல்லையை இரண்டாம் மும்மாதத்திற்கு மட்டும் 10.5 என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. 9.1 அதற்கும் கீழே இருப்பதால் இது நடுத்தர அளவிலான ரத்தசோகை. இயல்பு என்று விட்டுவிட முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளுள் 52 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே அதை இயல்பு என்று நினைக்கப் பழகிவிட்டோம் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஒரு கர்ப்பத்திற்கு மொத்தமாக ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகத் தேவை. உடலில் இரும்பு இருப்பு இல்லாமல் தொடங்கும் பெண்ணால் உணவைக் கொண்டு மட்டும் அதை ஈடுகட்ட இயலாது. ஆனால் எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதன்று. 1931-இல் சென்னை கோஷா மருத்துவமனையில், இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையில், பணியாற்றிய லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளிடம் சிவப்பணுக்கள் பெரிதாகிவிடும் ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்தவர். ஈஸ்ட் சாற்றால் அது குணமாவதை அவர் கண்டறிந்தார். அதிலிருந்த சத்தையே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறிந்தோம். இறைச்சியோடு பாலும் முட்டையும் தவிர்ப்பவர்களிடம் வைட்டமின் பி12 குறைவும் இதே தோற்றத்தைத் தரும்.

ஆகவே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால், முழு ரத்த எண்ணிக்கையும் ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சுப் பரிசோதனையும் செய்ய வேண்டும். சிவப்பணுக்கள் மிகச் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருந்தால் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபுக்கூறு இருக்கக்கூடும். அப்போது கணவரையும் பரிசோதிப்பது அவசியம். நீலகிரிப் பழங்குடியினரிடம், சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்துவிடும் பரம்பரை நோயான அரிவாளணு நோயையும் மறவாமல் பார்ப்போம். சிறுநீர்த் தொற்று, மூலத்தில் ரத்தம் கசிதல், தொடர்ந்து சாப்பிடும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் ஆகியவற்றையும் விசாரிக்க வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி அம்மா, நன்றி டாக்டர். இரவில் மறக்காமல் இருக்க வேண்டும் என்று இரண்டு மாத்திரைகளையும் சேர்த்தே, பாலோடு விழுங்கியிருக்கிறாள். அல்பெண்டசோல் வாங்கி வைத்தபடியே இருக்கிறது. இன்னொன்றும் தெரிய வந்தது: சில வாரங்களாகப் பச்சரிசியையும் திருநீற்றையும் ஒளித்து வைத்துத் தின்கிறாள். கேட்டதும் அழுதுவிட்டாள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்

அவரைத் திட்டாதீர்கள். அரிசி, மண், சாம்பல் தின்னத் தோன்றுவது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அறிகுறியே. இருப்பு ஏற ஏற அந்த ஆசை தானாகத் தணிவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். வெட்கப்படாமல் மருத்துவரிடம் இதைச் சொல்லச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஒரு மாதத்திற்குப் பிறகு மீண்டும் பரிசோதியுங்கள். ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றும் சிகிச்சை உண்டு, அதற்குத் தயங்க வேண்டாம். பிரசவத்திற்குப் பின்பும் 180 நாள் மாத்திரையைத் தொடர வேண்டும் என்பதை இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள். முதல் குழந்தைக்குப் பிறகு அது நடந்ததா என்றும் கேட்டுப் பாருங்கள்.